பள்ளிப் பிள்ளைக்குக் கலாசாலைப் பாடம்

பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சையைத் தமிழ்நாடு சர்க்கார் எடுத்துவிட்டது. 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் வெளியான ராஜ்யக் கல்விக் கொள்கையின்படி, 2025-26-ம் கல்வியாண்டு முதல் அந்தப் பரீட்சை கிடையாது. பத்தாம் வகுப்பில் ஒன்று, பதினொன்றில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று என்று மூன்று வருஷம் தொடர்ச்சியாகப் பிள்ளைகளின் முதுகில் ஏற்றப்பட்ட மூட்டைகளில் ஒன்று இறங்கியது பற்றி நாம் மகிழ்ச்சியடைகிறோம். மகிழ்ச்சியோடு கவலையும் உண்டாகிறது. அந்த ஒரு வருஷம் இனி யாருக்குச் சொந்தம்?

2017-ல் இந்தப் பரீட்சையை ஏற்படுத்தியபோது கூறப்பட்ட காரணத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தனியார் பள்ளிகள் பல, பதினோராம் வகுப்புப் புத்தகத்தை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தன. அப்படி உருப்போட்ட பிள்ளைகள் மார்க்குகளை அள்ளினார்கள். கலாசாலையில் போய் உட்கார்ந்ததும், முதல் வருஷக் கணக்கிலும் பௌதிகத்திலும் அடிப்படை தெரியாமல் விழித்தார்கள். அந்த வழக்கத்தை நிறுத்தவே பரீட்சை வந்தது. இப்போது பரீட்சை போய்விட்டது. வழக்கம் திரும்பி வராது என்று கல்வி இலாகா உறுதி கூற முடியுமா? நுழைவுப் பரீட்சைகளுக்குத் தயார் செய்வதாகச் சொல்லி வசூல் செய்யும் பயிற்சிக் கடைகள் இந்தக் காலி இடத்தின்மேல் இப்பொழுதே கண் வைத்திருக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. சட்டம் போட்டு மட்டும் இதைத் தடுத்துவிட முடியாது. அந்த வருஷத்தில் மாணவன் தானாக விரும்பிச் செய்வதற்கு உருப்படியான வேலை ஒன்று இருக்கவேண்டும்.

அந்த வேலை இன்னதென்று நாம் யோசனை கூற விரும்புகிறோம். பதினோராம் வகுப்பில் படிக்கும் எந்த மாணவனும் மாணவியும், விரும்பினால், ஒரே ஒரு கலாசாலைப் பாடத்தை இணையவழியில் படித்துப் பரீட்சை கொடுக்கப் பள்ளிக்கூடமே வசதி செய்து தரவேண்டும். பள்ளி நேரத்தில் படிக்க வேண்டும். பள்ளிக் கட்டடத்தில் படிக்க வேண்டும். செலவைச் சர்க்கார் ஏற்கவேண்டும்.

இது நமது மூளையில் திடீரென்று உதித்த நூதனக் கருத்தல்ல. சர்வகலாசாலையின் வாசற்படியை மிதிக்காதவனும் அதன் பரீட்சைக்கு உட்கார்ந்து பட்டம் பெறலாம் என்று லண்டன் சர்வகலாசாலை 1858-லேயே ஏற்பாடு செய்தது. அமெரிக்காவில் 1950-க்குப் பிற்பட்ட சில வருஷங்களில் தொடங்கி இன்றுவரை, ஹைஸ்கூல் பிள்ளைகள் தங்கள் பள்ளியிலேயே கலாசாலைத் தரமுள்ள பாடங்களைப் படித்துப் பொதுப் பரீட்சை எழுதுகிறார்கள்; நல்ல மார்க்கு வாங்கினால், பிற்பாடு அவர்கள் சேரும் கலாசாலைகள் பலவும் அதை வரவு வைத்துக்கொள்கின்றன. இன்டர்நெட் வந்த பிறகு இந்தக் காரியம் சுலபமாயிற்று. சுலபமாயிற்று என்று சொல்வது எவ்வளவு தூரம் வாஸ்தவம் என்பதுதான் நாம் இங்கே ஆராய விரும்பும் விஷயம்.

2012-ம் வருஷத்தின் முற்பகுதியில், அமெரிக்காவிலுள்ள எம்.ஐ.டி. என்னும் பிரசித்திபெற்ற ஸ்தாபனம் மின்சுற்றுகளையும் எலெக்ட்ரானிக்ஸையும் பற்றிய பாடம் ஒன்றை உலகத்தார் அனைவருக்கும் இலவசமாகத் திறந்து வைத்தது. அங்கே இரண்டாம் வருஷ மாணவர்கள் படிக்கும் பாடம் அது. அதை முன்னின்று நடத்தியவர் அனந்த் அகர்வால். அவர் 1982-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர் என்பதை நம் நேயர்கள் கவனிக்க வேண்டுகிறோம். ஏறக்குறைய 1,55,000 பேர் பெயர் பதிந்துகொண்டார்கள். தேறினவர்கள் 7,157 பேர். முழு மதிப்பெண் வாங்கினவர்கள் 340 பேர். அந்த 340 பேரில் ஒருவன், மங்கோலியாவின் தலைநகரான உலான்பாட்டரில் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த பதினைந்து வயதுப் பையன். பட்டுஷிக் மியாங்கன்பாயர் என்பது அவன் பெயர். அடுத்த வருஷம் எம்.ஐ.டி. அவனைத் தன் மாணவனாகவே சேர்த்துக்கொண்டது. பத்திரிகைகள் அவனைப் பாராட்டி எழுதின. இன்டர்நெட் ஒன்று இருந்தால் போதும், பாலைவனத்திலிருக்கும் பிள்ளையும் பெரிய சர்வகலாசாலையில் ஏறிவிடலாம் என்று பலர் முழங்கினார்கள்.

ஆனால் இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பாதிதான் நமக்கு முக்கியம். அந்தப் பையன் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியர் என்க்முன்க் சுர்கான்ஜின், எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் மங்கோலியர். இந்தப் பாடம் திறக்கப்போகிறது என்று தெரிந்ததும், தம் பிள்ளைகளிடம் இன்டர்நெட் முகவரியைச் சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. தம்மோடு எம்.ஐ.டி.யில் படித்த நண்பர் டோனி கிம் என்பவரை வரவழைத்தார். ஸ்டான்போர்டில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அவர், சோதனைச்சாலைக் கருவிகளைப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு உலான்பாட்டருக்கு வந்து, வாரக்கணக்கில் தங்கினார். பதின்மூன்று முதல் பதினேழு வயதுள்ள சுமார் இருபது பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து பாடத்தைப் பார்த்தார்கள். திரையில் பார்த்ததைக் கம்பியும் கருவியுமாகக் கையால் செய்து பார்த்தார்கள். நடுவில் விட்டுப் போனவர்களும் உண்டு. ஆனால் விட்டுப் போகிறவனை “ஏன் போகிறாய்?” என்று கேட்க அங்கே ஆள் இருந்தது.

இன்னொன்றும் அங்கே நடந்தது. பாடம் முழுவதும் இங்கிலீஷில். மங்கோலியப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் நம் பிள்ளைகளுக்கு இருப்பதைக் காட்டிலும் தூரத்து மொழி. பட்டுஷிக் தனக்கு விளங்கியதைத் தன் தாய்மொழியில் பேசி வீடியோவாக எடுத்துத் தோழர்களுக்குக் கொடுத்தான். முழு மதிப்பெண்ணைக் காட்டிலும் இதையே நாம் பெரிய காரியமாக மதிக்கிறோம். படித்ததைக் கொண்டு அவன் செய்த முதல் கருவிகளில் ஒன்று, வண்டி வெளியே வரும் வழியில் விளையாடும் தன் தங்கைக்கு ஆபத்து வராதபடி, கார் வருவதை முன்கூட்டி அறிவிக்கும் எச்சரிக்கைச் சாதனம்.

அதே 2012-ம் வருஷத்தில் லாகூரில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கதீஜா நியாஸி என்ற பதினோரு வயதுச் சிறுமி கலாசாலைத் தரமுள்ள பௌதிகப் பாடம் ஒன்றை இணையவழியில் படித்துக் கடைசிப் பரீட்சையை எழுதிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில் பாகிஸ்தான் சர்க்கார் யூடியூபைத் தடை செய்துவிட்டது. பாடமும் கேள்விகளும் அதில் இருந்தன. சிறுமி தவித்துப்போய்த் தன் சக மாணவர்களுக்கு எழுதினாள். வேறு வேறு தேசங்களில் இருந்த, அவள் முகம் அறியாத அந்த மனிதர்கள் ஆளுக்கொரு வழியில் உதவி செய்து அவளைப் பரீட்சை எழுதி முடிக்க வைத்தார்கள். அவள் முதல்தரமாகத் தேறினாள். தனியாக அறையில் உட்கார்ந்து படிக்கும் பாடம் என்று நாம் நினைக்கிறோம். அங்கேயும் கடைசியில் கை கொடுத்தவர்கள் மனிதர்களே.

இவை இரண்டு குழந்தைகளின் கதை. அபூர்வமானவர்களைக் கொண்டு பொதுவிதி செய்யக்கூடாது என்று யாராவது சொன்னால் அது நியாயமே. பொதுவிதி என்னவென்று பார்த்தவர்களும் உண்டு. ஜான் ஹான்ஸன், ஜஸ்டின் ரீச் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012 முதல் 2014 வரை நடத்திய 68 பாடங்களின் கணக்கை எடுத்து ஆராய்ந்து, 2015-ல் ‘ஸயன்ஸ்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். இலவசமாக எல்லோருக்கும் திறந்த பாடங்கள் அவை. ஆனால் அமெரிக்காவிலிருந்து சேர்ந்தவர்கள் சராசரி ஜனங்களைவிடச் செல்வமும் படிப்பும் மிகுந்த வட்டாரங்களில் வசிப்பவர்களாக இருந்தார்கள். சேர்ந்தவர்களிலும் வசதி படைத்தவர்களே அதிகமாகத் தேறினார்கள். இதிலே நம் நெஞ்சைத் தைக்கும் விஷயம் ஒன்றுண்டு. இந்த ஏற்றத்தாழ்வு வயதானவர்களிடம் இருந்ததைவிடப் பள்ளிப் பருவத்தினரிடமும் இளைஞரிடமும் அதிகமாக இருந்தது. எந்த வயதில் கல்வி ஒருவனைக் கைதூக்கி விடவேண்டுமோ அந்த வயதில்தான் இலவசப் பாடம் பணக்காரப் பிள்ளைக்கு அதிகமாகப் பயன்பட்டிருக்கிறது.

காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம். 2013-ம் வருஷம் ஜனவரியில் காலிபோர்னியாவில், சான் ஹோஸே ராஜ்ய சர்வகலாசாலையும் உடாசிட்டி என்ற கம்பெனியும் கூட்டாக, 150 டாலர் கட்டணத்தில் கணிதப் பாடங்களை இணையவழியில் நடத்தப்போவதாக அறிவித்தன. ராஜ்யத்தின் கவர்னரே ஆதரித்த ஏற்பாடு. ஹைஸ்கூல் பிள்ளைகளும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். ஓக்லாண்டு நகரத்தில் ஏழைப் பிள்ளைகள் பலர் படிக்கும் பள்ளி ஒன்றும் அதில் கலந்துகொண்டது. பாடம் ஆரம்பித்துச் சில வாரங்கள் கழிந்த பிறகுதான், அந்தப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்ற சங்கதி நடத்தினவர்களுக்குத் தெரிந்தது! அல்ஜிப்ராப் பாடத்தில் பெரும்பாலோர் தோற்றார்கள். அந்த வருஷம் ஜூலை மாதத்தில் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. உலகத்தின் கம்ப்யூட்டர் தொழிலுக்கே தலைநகரம் என்று சொல்லத்தக்க பிரதேசத்தில் இது நடந்தது. பிள்ளையின் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று விசாரிக்காமல் போடும் திட்டத்தின் கதி எங்கேயும் இதுதான்.

நிற்க, நம் ஊர் நிலைமையைக் கவனிப்போம். பாடத்திற்கு நமக்குப் பஞ்சமில்லை. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் விஞ்ஞான ஸ்தாபனமும் சேர்ந்து மத்திய சர்க்காரின் பணத்தில் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில், கலாசாலைப் பாடங்கள் ஆயிரக்கணக்கான மணி நேரத்திற்கு வீடியோவாக இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.க்கு அதில் முக்கிய பங்குண்டு. 2014 முதல் அந்தப் பாடங்களுக்குப் பரீட்சை வைத்து அத்தாட்சிப் பத்திரமும் தருகிறார்கள். 2017-ல் மத்திய சர்க்கார் ‘ஸ்வயம்’ என்ற பெயரில் இத்தகைய பாடங்களை ஒரே இடத்தில் திரட்டி வைத்தது. சேருவதற்குக் கட்டணம் கிடையாது. பரீட்சை எழுத விரும்பினால் மட்டும் ஒரு பாடத்திற்கு ஆயிரம் ரூபாய் அளவில் கட்டவேண்டும். வாராவாரம் செய்து அனுப்பும் பயிற்சிக்கு 25 மார்க்கு, குறித்த நகரத்தில் நேரில் போய் எழுதும் பரீட்சைக்கு 75 மார்க்கு. முன்னதில் 10-ம் பின்னதில் 30-ம் வாங்கினால் தேறலாம். பள்ளி மாணவன் சேரலாகாது என்ற தடை கிடையாது. ரோப்பர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் சுதர்சன் அய்யங்கார் நடத்தும் பைத்தான் பாடத்தைப் போல, முன்படிப்பு எதுவும் இல்லாதவனும் முதலிலிருந்து கற்றுக்கொள்ளத்தக்க பாடங்கள் இருக்கின்றன. பொருளாதாரம், மனோதத்துவம் முதலியவையும் இருப்பதால், கணிதப் பிரிவு எடுக்காத பிள்ளைகள் தங்களுக்கு இதில் இடமில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. இவை போதாவென்று சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பின் தகுதிப் பரீட்சையைப் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே எழுதலாம்.

இவ்வளவும் இருந்தும் என்ன? அரூருக்கு ஐந்தாறு மைல் தள்ளியுள்ள கிராமத்திலிருந்து பஸ் ஏறி அரசாங்க மேல்நிலைப் பள்ளிக்கு வரும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். கணக்கில் கெட்டிக்காரி. அவளுடைய உபாத்தியாயர் ஒருவர் இந்தப் பாடத்தைப் பற்றி ஒரு நாள் சொல்கிறார். அவள் ஆசையோடு பெயர் கொடுக்கிறாள். வீட்டிலிருப்பது ஒரே ஒரு செல்போன். அதைத் தகப்பனார் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவர் இரவு எட்டு மணிக்குத் திரும்பி வந்த பிறகு, தம்பி விளையாட்டுப் பார்த்து முடித்த பிறகு, அன்றைய இன்டர்நெட் பாக்கி ஏதாவது இருந்தால், அவளுக்குப் பாடம். பேராசிரியர் பேசும் இங்கிலீஷ் முதல் வாரம் பாதி புரிகிறது. இரண்டாவது வாரம் பயிற்சியை அனுப்பும் நாள் தப்பிப் போகிறது. மூன்றாவது வாரத்தோடு விட்டுவிடுகிறாள். அவள் விட்டுவிட்டாள் என்பது இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது; அதுதான் இதிலுள்ள கொடுமை. பள்ளிக்கு ஒரு நாள் வராவிட்டால் ஆஜர்ப் பட்டியலில் ஒரு குறியாவது விழும். இங்கே அதுவும் இல்லை. தனக்குத் திறமை போதாது என்று அவளே முடிவு செய்துகொள்கிறாள். சென்னையில் இஞ்சினீயர் வீட்டில் பிறந்த பிள்ளையோ, தனி அறையில், தனிக் கம்ப்யூட்டரில், தெரியாததைத் தகப்பனாரிடம் கேட்டுக்கொண்டு, அதே பாடத்தில் தேறிப் பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிறான். பாடம் இருவருக்கும் இலவசம்தான்.

சர்க்கார் ஏழைப் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். அரசாங்கப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் வைத்தியக் கலாசாலையிலும், 2021-ல் இஞ்சினீயரிங் முதலிய தொழிற்கல்வியிலும் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கப்பட்டது. நாம் அதை முழு மனதோடு வரவேற்கிறோம். ஆனால் வாசலைத் திறந்து உள்ளே விட்டால் போதுமா? உள்ளே போன பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே பேராசிரியரின் வேகமும், இங்கிலீஷும், தானே திட்டமிட்டுப் படிக்கவேண்டிய பொறுப்பும் ஒரேயடியாக வந்து மோதுகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலைக்குப் போகும் பிள்ளைக்கு, அங்கே எப்படி இருக்கும் என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. பதினோராம் வகுப்பில் பன்னிரண்டு வாரம் ஒரு கலாசாலைப் பாடத்தோடு மல்லுக்கட்டியவன், அதில் தோற்றே போனாலும், அந்த அனுபவத்தை முன்னாலேயே பெற்றுவிடுகிறான். இந்த யோசனையின் முதற் பிரயோஜனமாக நாம் இதைத்தான் கருதுகிறோம். அத்தாட்சிப் பத்திரம் இரண்டாம் பட்சம்.

இதற்கு வேண்டியவை எவை? ஹைடெக் லேப் என்ற பெயரில் அரசாங்கப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறைகள் ஏற்கெனவே அமைக்கப்பட்டிருக்கின்றன. வாரத்தில் மூன்று பீரியட் அந்த அறையை இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினால் போதும். அந்த மூன்று பீரியடையும் வேறு எதற்கும் எடுக்கக்கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு வேண்டும். ஏனென்றால், விளையாட்டுப் பீரியடும் நூல்நிலையப் பீரியடும் நம் பள்ளிகளில் என்ன ஆகின்றன என்பது எல்லோரும் அறிந்ததே.

இரண்டாவதாக ஓர் உபாத்தியாயர். அவர் அந்தப் பாடத்தில் நிபுணராக இருக்கவேண்டுமென்பதில்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை, இந்த வாரப் பயிற்சியை யார் அனுப்பவில்லை என்று பார்த்து, தேங்கி நிற்பவனைத் தட்டிக்கொடுக்கும் ஆள் வேண்டும். அவரும் பிள்ளைகளோடு சேர்ந்து அதே பாடத்தில் பெயர் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. மாணவனோடு ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து பரீட்சை எழுதுவதில் உபாத்தியாயருக்குக் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. தம் ஆசிரியரும் ஒரு வாரப் பயிற்சியில் நான்கு கணக்குத் தப்பாகப் போட்டார் என்று தெரிந்தால், பிள்ளைகளுக்குத் தைரியம் வருமென்றே நாம் நம்புகிறோம். ஆனால் இந்த வேலையை ஏற்கும் ஆசிரியருக்கு வேறு வேலையில் அந்த அளவு குறைக்கவேண்டும். பதிவேடு நிரப்புவதே அவர்களுக்குப் பெரிய உத்தியோகமாகிவிட்ட இந்தக் காலத்தில், மேலே மேலே ஏற்றிக்கொண்டே போனால் எந்த நல்ல திட்டமும் காகிதத்தில்தான் நடக்கும்.

மூன்றாவது மொழி. இங்கிலீஷ் பாடத்தைத் தமிழில் விளக்கினால் தரம் குறைந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் உலான்பாட்டர்ப் பையனை நினைத்துக்கொள்ளட்டும். என்.பி.டி.இ.எல். பாடங்கள் சிலவற்றைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் எழுத்தாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். அவை எவையென்று பொறுக்கியெடுத்து, அவற்றிலிருந்தே முதல் வருஷப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் வருஷம் தேறிய பிள்ளைகள், தாங்கள் இடறி விழுந்த இடங்களைத் தமிழில் விளக்கிப் பத்துப் பத்து நிமிஷம் பேசிப் பதிவு செய்து அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போகட்டும். நாலைந்து வருஷத்தில் தமிழில் நல்லதொரு களஞ்சியம் சேர்ந்துவிடும்; அதற்காகக் கமிட்டி எதுவும் போடவேண்டியதில்லை!

செலவைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. நம் ராஜ்யத்தில் 38 ஜில்லாக்கள் இருக்கின்றன. ஜில்லாவுக்கு இரண்டு அரசாங்கப் பள்ளி, அவற்றில் ஒன்று பெண்கள் பள்ளி, என்று 76 பள்ளிகளில் ஆரம்பிப்போம். பள்ளிக்கு இருபது பிள்ளைகள் வீதம் 1,520 பேர். தலைக்கு ஆயிரம் ரூபாய் பரீட்சைக் கட்டணம் என்றால் 15,20,000 ரூபாய். பரீட்சை நகரத்துக்குப் போய்வரும் பஸ் செலவையும், துணைக்குப் போகும் ஆசிரியரின் படியையும் சேர்த்தாலும், ஒரு ராஜ்யத்தின் கல்வி பட்ஜெட்டில் இது கண்ணுக்கே தெரியாத தொகை. பஸ் செலவை நாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பரீட்சை நடக்கும் நகரம் ஐம்பது மைல் தூரத்தில் இருந்தால், பெண்ணைத் தனியே அனுப்பத் தாயார் துணியமாட்டாள். பன்னிரண்டு வாரப் பிரயாசை அந்த ஒரு நாளில் வீணாகிவிடும்.

ஆக்ஷேபணைகள் எழும் என்பதை அறிவோம். இருக்கிற பாடமே சுமையாக இருக்கும்போது இது எதற்கு என்று சில பெற்றோர் கேட்பார்கள். விரும்பாத பிள்ளையைச் சேர்க்கவே கூடாது என்பது நமது நிபந்தனை. நடுவில் விட்டுவிட்டாலும், பரீட்சையில் தோற்றாலும், பள்ளியின் மார்க்குப் பட்டியலில் அது எந்த ரூபத்திலும் ஏறக்கூடாது. தலைமை ஆசிரியரிடம் “உங்கள் பள்ளியில் எத்தனை பேர் தேறினார்கள்?” என்று இலாகா கேட்க ஆரம்பித்த அன்றைக்கே இந்தத் திட்டம் கெட்டுப்போகும். அப்போது தேறக்கூடியவனை மட்டும் சேர்ப்பார்கள். யாருக்காக இதைக் கேட்கிறோமோ அவன் மறுபடியும் வெளியே நிற்பான்.

பத்திரம் சேர்க்கும் பைத்தியம் வந்துவிடாதா என்று இன்னொரு கேள்வி. வரக்கூடும். நாலு வாரப் பாடம், எட்டு வாரப் பாடம் என்று பன்னிரண்டு பத்திரங்களை மாலையாகக் கோத்துப் போட்டுக்கொள்ளும் இளைஞர்களை இப்போதே கலாசாலைகளில் பார்க்கிறோம். ஒன்றிலாவது உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்டால் விழிக்கிறார்கள். ஆகவேதான், ஒரு வருஷத்தில் ஒன்றே ஒன்று என்கிறோம்.

தேறின பாடம் பின்னால் பயன்படவேண்டும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு மாணவனுக்கு இருக்கும். கலாசாலையில் சேர்ந்துவிட்ட மாணவர்கள் ஸ்வயம் பாடங்களிலிருந்து ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு நாற்பது வரை எடுத்து, அவற்றைப் பட்டக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2021-ல் சர்வகலாசாலை மான்யக் கமிஷன் விதி செய்திருக்கிறது. பாடம் ஒன்று, பரீட்சை ஒன்று, திருத்துகிறவரும் ஒருவரே. பதினெட்டு வயதில் தேறினால் செல்லும், பதினாறு வயதில் தேறினால் செல்லாது என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது? அண்ணா சர்வகலாசாலையும் சென்னை, மதுரை முதலிய சர்வகலாசாலைகளும், பள்ளியிலிருக்கும்போதே தேறிய பாடத்தைப் பிற்பாடு வரவு வைப்பதாக அறிவித்தால், பெற்றோரின் சந்தேகத்தில் பாதி அன்றே தீர்ந்துவிடும்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பாடங்கள் ஜனவரியில் ஒரு முறையும் ஜூலையில் ஒரு முறையும் தொடங்குகின்றன. பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைகள் ஜூன் மாதத்தில் பதினோராம் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். ஜூலைப் பருவத்தில் சேர்ந்தால் அக்டோபரோடு பாடம் முடியும். அரைப் பரீட்சைக்கும் இடைஞ்சலில்லை. ஜனவரிப் பருவமோ வருஷக் கடைசிப் பரீட்சையோடு மோதும். ஆகவே பள்ளிகளின் பெயரும், பாடங்களின் பட்டியலும், கட்டணத்துக்கான பணமும் மே மாதத்திற்குள் ஜில்லாக் கல்வி அதிகாரிகளின் கைக்குப் போய்ச் சேரவேண்டும். உத்தரவு ஆகஸ்டில் வந்தால் அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு அது உதவாது.